எண்ணெய் எல்லாம் நல்லெண்ணெய் அல்ல

தோட்டத்தில் நஞ்சு எது என்று கேட்டால் நம்மவர் உடனே மருந்து ஸ்டோரைத்தான் கை காட்டுவார்கள். மண்டையோடு போட்ட புட்டி, பூட்டுப் போட்ட அறை, மூக்குத் துணி கட்டிய பெண்கள் என்று அதற்கு ஓர் அடையாளம் உண்டு. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை ஒழிப்பதற்குள் எத்தனை ஆண்டுகள் போயின! 2002-இல் தடை என்றார்கள். 2006-இல் தளர்த்தினார்கள். 2020 ஜனவரி முதல் நாள்தான் முழுத் தடை வந்தது. அவ்வளவு பேசிய நாம், அதே ஸ்டோரின் அடுத்த அறையில் நிற்கும் எண்ணெய் டிரம்மைப் பற்றி ஒரு கமிட்டிக் கூட்டத்திலும் வாய் திறந்ததில்லை. "எண்ணெய்தானே கிராணி ஐயா, கையில் பட்டால் வழவழப்புத்தானே" என்று சிரிக்கிறார்கள். சிரிப்பவர்களைக் குறை சொல்லி எழுத வரவில்லை. பல ஆண்டுகள் நாமும் சேர்ந்துதான் சிரித்தோம்.

எள்ளின் நெய் என்பதே எண்ணெய் என்றாயிற்று. தலைக்கு வைத்து, பிள்ளையின் உடம்பில் பூசி, விளக்கில் ஊற்றி, தாளிதத்திலும் விட்டுப் பழகிய பொருள் அது. பிறகு தேங்காயில் ஆட்டியதையும் அப்பெயராலேயே அழைத்தோம். அதன் பிறகு பூமியைத் துளைத்து எடுத்ததற்கும் மண்ணெண்ணெய் என்று பெயர் வைத்தோம். பெயர் ஒன்றாகிப் போனதால் நம்பிக்கையும் ஒன்றாகிப் போயிற்று. புத்தகத்தில் 'கனிம எண்ணெய்' என்கிறார்கள். இயந்திரத்துக்கு விடும் எண்ணெய், டிராக்டர் கைகளைத் தூக்கும் ஹைட்ராலிக் எண்ணெய், கிரீஸில் கலந்திருக்கும் எண்ணெய், மருந்துக்கடைப் 'பாரஃபின்', பிள்ளைகளுக்கென்று வாசனை சேர்த்து விற்கும் 'பேபி ஆயில்' ஆகிய யாவும் கச்சா எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தவை. மண்ணெண்ணெயும் டீசலும் அதே வீட்டுப் பிள்ளைகள், இன்னும் மெல்லியவை.

தேங்காய் எண்ணெய் நாள்பட்டால் சிக்கடிக்கும். கனிம எண்ணெய் அப்படிக் கெடாது. தண்ணீரோடு கலக்காது, தண்ணீரைவிட இலேசானதால் மேலே மிதக்கும். இரும்புக்கும் ஈரத்துக்கும் நடுவில் மெல்லிய திரை போல நின்று துரு ஏறாமல் காக்கும். இரண்டு இரும்பு உராயும் இடத்தில் சூட்டைத் தணிக்கும். இது இல்லாமல் நம் ஸ்டோரில் ஓர் உருளை சுற்றாது. பால் ஏற்றும் லோரியும் நகராது. நல்ல குணம் உள்ள பொருள்தான். அதை மறைத்து எழுதுவது நேர்மை ஆகாது.

இன்னும் சொல்லப் போனால், நம் பாட்டன்மாரில் பலர் உயிரோடு இருந்ததற்கு இந்த எண்ணெயும் ஒரு காரணம். கிள்ளானில் 1901-இல் மலேரியா ஒழிப்பு வேலையைத் தொடங்கிய டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிச் சதுப்பை வற்றச் செய்தார். மலையடிவாரத் தோட்டங்களுக்கு அந்த முறை போதவில்லை. அங்கே தெளிந்த ஓடையில், வெயில் படும் நீரில் முட்டையிடும் வேறு சாதிக் கொசு இருந்தது. அதற்காக ஓடைகளில் எண்ணெய் தெளித்தார்கள். கொசுப்புழு நீரின் மேற்பரப்புக்கு வந்துதான் மூச்சு வாங்கும். மேலே எண்ணெய்ப் படலம் இருந்தால் மூச்சடைத்துச் சாகும். முதுகில் டின்னைச் சுமந்து ஓடை ஓடையாக நடந்து அந்த எண்ணெயைத் தெளித்தவர்களும் நம்மவர்களே.

இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் இன்றும் லயத்துச் சாக்கடையில் பழைய என்ஜின் எண்ணெயை ஊற்றுகிறார்கள். "அந்தக் காலத்தில் துரைமாரே ஊற்றவில்லையா?" என்கிறார்கள். அன்று வேறு வழி குறைவு. இன்று நம்மை வாட்டும் டிங்கிக் கொசு சாக்கடை நாடுவதில்லை. சிரட்டையிலும் பழைய டயரிலும், ஏன், மரத்தில் கவிழ்க்காமல் விட்ட நம் பால் மங்கிலும் தேங்கும் மழைநீரில்தான் அது பிறக்கிறது. மங்கைக் கவிழ்த்து வைக்காதவன் சாக்கடையில் எண்ணெய் ஊற்றிப் பயன் என்ன? ஊற்றிய எண்ணெய் ஆற்றுக்குப் போகிறது, கிணற்றுக்குப் போகிறது.

இனி நாம் செய்த பிழைக்கு வருவோம்.

சில ஆண்டுகளுக்கு முன், நாம் ஸ்டோர் கணக்கெழுதிய ஒரு தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின்காரர் ஒருவர் வந்து, சங்கிலியும் சல்லடையும் கழுவ அரைப் போத்தல் மண்ணெண்ணெய் கேட்டார். மேசைக்கடியில் ஆரஞ்சுப் பானம் குடித்த காலிப் போத்தல் கிடந்தது. அதில்தான் ஊற்றிக் கொடுத்தோம். புத்தகத்தில் 'அரைப் போத்தல்' என்று எழுதிக் கையெழுத்தும் இட்டோம். அவர் மீதியை வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பங்கரைத் திண்ணையில் வைத்தார். மறுநாள் மத்தியானம் அவருடைய மூன்று வயதுப் பிள்ளை அதை எடுத்துக் குடித்துவிட்டது. இரண்டு வாய் கூட இருக்காது. பாட்டி பதறிப்போய்த் தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். உப்புத் தண்ணீரும் கொடுத்தார். அந்த அம்மாள் அன்போடுதான் செய்தார். ஆனால் ஆபத்து அங்கேதான் பெருகியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நாம் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டோம். இங்கேயும் சொல்லுகிறோம். மண்ணெண்ணெய் வயிற்றில் செய்யும் கேட்டைவிட நெஞ்சில் செய்யும் கேடு பெரிது. அது மிக மெல்லியது. ஒரு துளி மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நுரையீரல் முழுவதும் பரவிப் புண்ணாக்கும். குடிக்கும்போது ஒரு தடவை தொண்டையைக் கடந்தது. வாந்தி எடுக்கும்போது மறு தடவை கடக்கிறது. அந்த மறு தடவைதான் நுரையீரலுக்குள் இழுத்துக்கொண்டு போகிறது. ஆகையால் விரல் விடக்கூடாது. உப்புத் தண்ணீர் கூடாது. பால் கொடுக்கிறேன், பழம் கொடுக்கிறேன் என்பதும் கூடாது. பிள்ளையை நிமிர்த்தி உட்கார வைத்து, எண்ணெய் பட்ட துணியைக் கழற்றி, தோலைச் சவுக்காரம் போட்டுக் கழுவி, போத்தலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இருமல் நின்றுவிட்டதே என்று வீட்டில் வைத்துக்கொண்டு இருக்கலாகாது. மூச்சுத் திணறல் பல மணி நேரம் கழித்தும் வரும். பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. அதன் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு தோட்ட ஆபீசிலும் ஒட்டி வைக்கச் செய்வது கிளைச் செயலாளரின் வேலை.

ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அந்தப் பிள்ளை பிழைத்தது. நிர்வாகம் விசாரணை வைத்தது. 'தகப்பனாரின் கவனக்குறைவு' என்று எழுதி முடித்தார்கள். ஊற்றிக் கொடுத்த போத்தல் எது என்று எவரும் கேட்கவில்லை. நாமும் வாய் திறக்கவில்லை. கிராணிமாருக்கென்று இதை எழுதுகிறோம்: ஸ்டோர்ப் புத்தகத்தில் அளவு எழுதினால் கடமை தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். குடிக்கும் போத்தலில் எதையும் ஊற்றிக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். மானேஜர் அவசரப்படுத்தினாலும் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் வேறொரு வழக்கமும் உண்டு. பிள்ளையைக் குளிப்பாட்டும்போது மூக்கில் இரண்டு துளி எண்ணெய் விட்டு ஊதுவது. சளி எடுக்கும் என்பார்கள். எண்ணெய்க்கு ஒரு துர்க்குணம் உண்டு. தண்ணீரைப் போல இருமலை எழுப்பாமல் ஓசையின்றி நெஞ்சுக்குள் வழுக்கி இறங்கிவிடும். நல்லெண்ணெயானாலும் அதே கேடுதான். பேபி ஆயிலும் பாரஃபினும் இன்னும் மோசம். கரையாமல் அங்கேயே தங்கி ஒரு வகை நிமோனியாவைக் கொண்டுவரும். மேலுக்குத் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், தாய்மார்களே.

இப்போது தோலைப் பற்றி. இதுதான் சங்கத்தின் காரியம் என்று நாம் கருதுவது.

மருந்துக்கடை எண்ணெயும் ஸ்டோர் மூலையில் கிடக்கும் எண்ணெயும் ஒன்றல்ல. மருந்துக்கடை எண்ணெயை நன்றாகச் சுத்திகரித்து, கேடு செய்யும் பகுதிகளை நீக்கிவிடுகிறார்கள். தண்ணீர் போலத் தெளிந்திருக்கும். சரியாகச் சுத்திகரிக்காத எண்ணெயில் தோலைப் புற்றாக்கும் பொருள்கள் தங்கியிருக்கின்றன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி மையம் இவ்வகை எண்ணெயை, மனிதருக்குப் புற்றுநோய் தருவது நிச்சயம் என்ற முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. நன்கு சுத்திகரித்ததை அந்த வகுப்பில் சேர்க்கவில்லை. என்ஜினில் புதிதாக ஊற்றும் எண்ணெய் நல்லதாக இருக்கலாம். ஆனால் ஓட ஓடச் சூட்டிலும் புகையிலும் அதே கெட்ட பொருள்கள் அதில் சேர்ந்துகொண்டே போகின்றன. மலாய்க்காரர் 'மிஞாக் ஹித்தாம்' என்று சொல்லும் அந்தக் கறுப்பெண்ணெய்தான் தோட்டத்தில் இலவசமாகக் கிடைப்பது. இலவசம் என்பதால் கேட்டவருக்கெல்லாம் கொடுக்கிறோம். வேலிக் கட்டைக்குப் பூச, கரையான் விரட்ட, நாய்ச் சொறிக்குத் தடவ, சிலர் தம் முழங்காலுக்கே தடவ.

இது நேற்றுக் கண்டுபிடித்த உண்மை அல்ல. இங்கிலாந்தில் மான்செஸ்டர் வட்டாரத்துப் பஞ்சாலைகளில் 'மியூல்' என்ற நூற்கும் இயந்திரம் இருந்தது. அறுந்த நூலை ஒட்ட, நூற்பவர் நாள் முழுவதும் அதன் மேல் சாய்ந்தபடி நிற்க வேண்டும். கதிர்களுக்கு விட்ட எண்ணெய் தெறித்துக் காற்சட்டையின் முன்பக்கம் ஊறிப் போகும். பல ஆண்டுகள் கழித்து அவர்களுக்கு விதைப்பையில் புற்று வந்தது. அந்த நகர் ஆஸ்பத்திரியில் 1902 முதல் 1922 வரை இந்நோய்க்கு வந்த 141 பேரில் 69 பேர் நூற்பவர்கள் என்று இரு டாக்டர்கள் 1922-இல் எழுதினார்கள். 1926-இல் அரசாங்கக் குழு அறிக்கை கொடுத்தது. சுத்திகரித்த வெள்ளை எண்ணெய்தான் விட வேண்டும், ஆறு மாதத்துக்கொருமுறை டாக்டர் பார்க்க வேண்டும் என்ற விதி எப்போது வந்தது தெரியுமா? 1953-இல்! தெரிந்த பின்னும் முப்பத்தோரு ஆண்டுகள். விதி வந்தபோது அந்த இயந்திரங்களே மறையத் தொடங்கிவிட்டன.

வெட்கமான இடத்தில் வந்த நோயாதலால் அந்தத் தொழிலாளர்கள் மனைவியிடம் கூடச் சொல்லாமல் மறைத்தார்கள். நம்மவர் மறைக்க மாட்டார்கள் என்று யார் சொல்ல முடியும்?

அதே நாட்டில், திருகாணி செய்யும் தொழிற்சாலை ஒன்றில், எண்ணெய் வழியும் மெஷின் மேல் குனிந்து வேலை செய்த ஒருவர் 1966-இல் இதே நோயால் மாண்டார். அவர் மனைவி வழக்காடினார். கம்பெனி டாக்டருக்கு ஆபத்துத் தெரியும். ஆயினும் தொழிலாளருக்கு ஒரு துண்டுத்தாள் எழுதிக் கொடுக்கவில்லை, காலாகாலத்தில் சோதிக்கவும் இல்லை என்று கண்டு, 1968-இல் நீதிமன்றம் முதலாளியைப் பொறுப்பாக்கியது. தெரிந்தும் சொல்லாதிருப்பது குற்றம் என்ற அந்தத் தீர்ப்பை மானேஜர்மார் மட்டுமல்ல, கிராணிமாரும் படிக்க வேண்டும்.

இதைப் படித்தபோது எம் மனத்தில் பட்டென்று வந்தது நம் மெஷின்காரர்களின் பின்பாக்கெட்டும் முன்பாக்கெட்டும்தான். கை துடைத்த எண்ணெய்த் துணியை எங்கே செருகுகிறார்கள் என்று காலைப் பெரட்டில் நின்று பாருங்கள். பஞ்சாலைக்காரருக்கு எந்த இடம் ஊறியதோ அதே இடம். துணியைப் பாக்கெட்டில் வைக்காதிருப்பதற்குச் சட்டமும் வேண்டாம், செலவும் இல்லை.

புற்று வருவதற்கு முன் வருவன வேறு: முன்கையிலும் தொடையிலும் கரும்பருக்கள், தோல் வெடிப்பு, தீராத அரிப்பு. கறையைப் போக்கப் பெட்ரோலில் கை கழுவுகிறார்கள். அது தோலின் இயற்கைப் பசையை உரித்துவிடுகிறது. மறுநாள் எண்ணெய் இன்னும் ஆழமாக ஏறுகிறது. சவுக்காரமும் தண்ணீரும் போதும். ஆறாத புண்ணோ புதிய மறுவோ கண்டால் டாக்டரிடம் போகும்போது, 'எண்ணெயில் வேலை செய்கிறேன்' என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். எண்ணெயால் வரும் தோல் புற்று தொழில்நோய் என்று அனைத்துலகத் தொழில் நிறுவனம் 1934-ஆம் ஆண்டு உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறது. நம் சொக்சோவும் தொழில்நோய்க்கு உதவி கொடுக்கும் சட்டந்தான். சொல்லாத வேலைக்கு எந்த டாக்டரும் சீட்டெழுத முடியாது.

கையுறைக்கு வருவோம். இதில் ஒரு வேடிக்கை. கிளைக் கமிட்டி கேட்டுக் கேட்டு, முடிவில் நிர்வாகம் கையுறை கொடுத்தது. மஞ்சள் நிறம், கித்தாக் கையுறை. இரண்டு வாரத்தில் எண்ணெய் குடித்து ஊதி, விரல் கொழகொழத்துக் கிழிந்தது. "கொடுத்தாலும் காப்பாற்றத் தெரியவில்லை" என்று தொழிலாளர் மேல் பழி. தோழர்களே, கித்தாவுக்கும் கனிம எண்ணெய்க்கும் ஆகாது. நாம் விடிகாலையில் எழுந்து சீவி எடுக்கும் பாலில் செய்த பொருளை எண்ணெய் ஊற வைத்து அழித்துவிடும். எண்ணெய் வேலைக்கு 'நைட்ரில்' என்ற செயற்கைக் கையுறைதான் வேண்டும். கையுறைக்குப் பேர்போன நாடு இது. நைட்ரில் கிடைக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. அதற்குச் சம்பளத்தில் பிடிக்கவும் முடியாது. 1994-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சுகாதாரச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது.

டயரின் கதையும் இதைப் போன்றதே. டயர் ரப்பரை இளக்க ஒரு வகைக் கறுப்பு எண்ணெயைக் கலந்து வந்தார்கள். தேயும் டயர்த் தூளோடு அந்தக் கெட்ட பொருள் காற்றிலும் நீரிலும் சேர்கிறது என்று சொல்லி, ஐரோப்பாவில் 2010 ஜனவரி முதல் அதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். சாலையில் பறக்கும் தூளுக்கே அந்தக் கவலை என்றால், முழங்கை வரை எண்ணெயில் நனைகிறவனுக்கு எவ்வளவு கவலை வேண்டும்?

தீயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுகிறோம், பலருக்குத் தெரிந்ததுதான். என்ஜின் எண்ணெய் எளிதில் பற்றாது. மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 டிகிரி சூட்டிலேயே பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும். தகரக் கூரை ஸ்டோரின் மத்தியானச் சூடு அதற்குத் தூரமல்ல. எரியும் எண்ணெயில் தண்ணீர் ஊற்றினால் தண்ணீர் அடியில் இறங்கிக் கொதித்து, தீயைத் தூக்கி எறியும். மணலோ நுரைக் கருவியோ வேண்டும். பலருக்குத் தெரியாதது இது: நிறைந்த டிரம்மைவிடக் காலி டிரம் பொல்லாதது. உள்ளே ஆவி நிற்கிறது. கோயில் விருந்துக்கு அடுப்புச் செய்கிறேன் என்று காலி டிரம்மைக் காஸ் வைத்து அறுப்பது, குண்டின் மேல் உட்கார்ந்து உளி அடிப்பதற்குச் சமம்.

டிராக்டர்காரர்களுக்கு ஒன்று. ஹைட்ராலிக் குழாயில் ஊசிமுனை ஓட்டை விழுந்தால் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டைப் பிடித்துப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் ஊசிபோல் விரலுக்குள் பாயும். வெளியே எறும்பு கடித்த அளவு புள்ளி. வலியும் முதலில் இராது. உள்ளே சதை அழுகும். அன்றைக்கே ஆஸ்பத்திரியில் திறந்து சுத்தம் செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று பிளாஸ்டர் ஒட்டி அனுப்பும் டிரஸ்ஸரிடம் வாதாடத் தயங்க வேண்டாம்.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. இரசாயனப் பொருள்களைப் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகள், தோட்டத்தில் உள்ள கேடான பொருள்களுக்குப் பதிவேடு வைக்கவும், ஆபத்தை மதிப்பிடவும், தொழிலாளருக்கு விளக்கிப் பயிற்சி தரவும் முதலாளியைக் கட்டாயப்படுத்துகின்றன. நாற்பது பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும். 2024 ஜூன் முதல் நடப்புக்கு வந்த திருத்தம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும் தொழிலாளி அந்த வேலையை விட்டு விலகி நிற்கவும் இடம் தருகிறது. கழிவு எண்ணெயோ 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி அட்டவணைக் கழிவு, 'எஸ்.டபிள்யூ. 305' என்று எண் போட்டு, பெயர்ச்சீட்டு ஒட்டி, 180 நாளுக்குள் உரிமம் பெற்றவரிடம் ஒப்படைக்க வேண்டிய பொருள். அதை வேலிக் கட்டைக்கென்று அள்ளிக் கொடுக்க மானேஜருக்கும் உரிமை இல்லை, கிராணிக்கும் இல்லை.

சட்டம் இருந்தும் ஏன் நடக்கவில்லை? பொருளோடு வரும் விவரத்தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் அச்சாகி ஆபீஸ் கோப்பில் தூங்குகிறது. தமிழ்ப் பள்ளியில் படித்துக் கணக்கெழுத வந்த நமக்கே அதை அகராதி வைத்துப் படிக்க மூன்று இரவு பிடித்தது. இன்று நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்தவருக்கும் நேப்பாளத்தவருக்கும் அது யார் மொழி? அவர்கள் சங்கச் சந்தா கட்டுகிறார்களா என்று பார்க்காமல், அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும். எண்ணெய்க்குத் தோல் எந்த நாட்டுத் தோல் என்று தெரியாது.

எங்கள் கிளை சென்ற கூட்டத்தில் நான்கு கேட்டது. குடிக்கும் போத்தலில் எண்ணெய் கொடுப்பது நிற்க வேண்டும். நிறம் போட்ட, மூடியுள்ள டின் வேண்டும். கழிவு எண்ணெய் எவர் கைக்கும் போகாமல் பூட்டி வைக்க வேண்டும். மெஷின்காரருக்கும் பட்டறைக்காரருக்கும் நைட்ரில் கையுறை, வாரம் இரண்டு மாற்றுடை, ஸ்டோரிலேயே குழாயும் சவுக்காரமும் வேண்டும். ஆண்டுக்கொருமுறை தோல் சோதனை வேண்டும். முதல் இரண்டுக்கும் மானேஜர் அங்கேயே சம்மதித்தார். டின்களும் வந்துவிட்டன, சிவப்பு நிறம். கையுறைக்குத் தலைமை ஆபீசைக் கேட்டு எழுதியிருப்பதாகச் சொல்லுகிறார். தோல் சோதனை பற்றிக் கேட்டால், 'எண்ணெயில் வேலை செய்பவர் எத்தனை பேர், பட்டியல் கொடுங்கள்' என்கிறார். அந்தப் பட்டியலை இன்று இரவு எழுதிக்கொண்டிருக்கிறோம். முதல் பெயர், அந்தப் பிள்ளையின் தகப்பனார் போலப் புல்வெட்டும் மெஷினைத் தோளில் மாட்டும் ஒருவருடையது. இதுவரை பதினேழு பேர் தேறியிருக்கிறார்கள். பட்டறையில் இன்னும் கேட்கவில்லை.